சாப்பிட்டும் சதை கரையுறது ஏன்? கிட்னி வருத்தம் பத்தி உங்க கேள்விகள்

போன இதழ்ல கிட்னி வருத்தத்த பத்தி எழுதுனதுக்கு அப்புறம் வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஒரே விஷயத்ததான் வேற வேற மாதிரி கேட்டிருக்கீங்க, ஆள் மெலிஞ்சு போறாங்க, கை கால்ல சதை இல்ல, ஏன்னு. அதனால இந்த தடவை முழுக்க அதுக்குத்தான். மொத கடிதத்துக்கு பதில் நீளமா போயிடுச்சு, ஆனா மத்த கேள்விக்கெல்லாம் அதுலதான் அடிப்படை இருக்கு, பொறுமையா படிங்க.

கேள்வி: டாக்டரம்மா, எங்கம்மாவுக்கு 58 வயசு, முப்பது வருஷத்துக்கு மேல தேயிலைக் கொழுந்து எடுத்தவங்க. சீனியும் பிரஷரும் இருந்துச்சு, இப்ப கிட்னி நாலாவது ஸ்டேஜ்னு சொல்லிட்டாங்க. சோறு ரொட்டி எல்லாம் சாப்பிடுறாங்க, ஆனா ஒரு வருஷத்துல ஆள் பாதியாயிட்டாங்க, கையில போட்ட வளையல் முழங்கை வரைக்கும் ஏறுது. கிளினிக்ல ரத்தத்துல அசிட் இருக்குன்னு சோடா மாத்திரை குடுத்தாங்க. அம்மாவுக்கு கேஸ்ட்ரைட்டிஸே கிடையாது, எதுக்கு இந்த மாத்திரைன்னு போடாம வச்சிருக்காங்க. போடணுமா? — ஒரு மகள், பொகவந்தலாவை

தங்கச்சி, போடணும். எத்தன மாத்திரை விட்டுப்போச்சுன்னு அடுத்த கிளினிக் வரைக்கும் காத்திருக்காம போய் சொல்லிட்டு, அவங்க சொல்ற மாதிரி திரும்ப ஆரம்பிங்க. உங்கம்மா மேல பிழை இல்ல, அசிட்னு சொன்னா நம்ம ஆளுங்களுக்கு நெஞ்செரிச்சலும் புளிச்ச ஏப்பமும்தான் ஞாபகத்துக்கு வரும், அத விளக்கி சொல்ல கிளினிக்ல யாருக்கும் நேரமும் இருக்காது. இது வயித்து அசிட் இல்ல. ரத்தத்துல சேருற அசிட். ரெண்டுக்கும் சம்பந்தமே கிடையாது, கேஸ்ட்ரைட்டிஸுக்கு போடுற ஒமெப்ரசோல் இத ஒண்ணும் பண்ணாது.

அந்த வளையல் விஷயத்த படிச்சதும் எனக்கு எங்கம்மா கைதான் ஞாபகம் வந்துச்சு, அவங்களும் கொழுந்து எடுத்தவங்கதான். கொழுந்து எடுக்குற கையில பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல புறங்கை பக்கமா ஒரு சதை நல்லா திரண்டு இருக்கும், விரல் ரெண்டையும் சேத்து அழுத்துனா ஒரு சின்ன உருண்டை மாதிரி மேல எழும்பும். கிட்னி வருத்தத்தோட வர்ற அம்மாமார் கைய நான் மொதல்ல அந்த எடத்துலதான் பாப்பேன். அங்க உருண்டைக்கு பதிலா குழி விழுந்திருந்தா, அப்புறம் நெத்திப்பொட்டு ரெண்டு பக்கமும் உள்ள போயிருந்தா, கொழுப்பு மட்டும் கொறையல, சதையே கரையுதுன்னு அர்த்தம். நீங்களும் இன்னைக்கு அம்மா கைய வெளிச்சத்துல வச்சு பாருங்க.

இப்ப ஏன்னு சொல்றேன். நம்ம சாப்பிடுற மீன், முட்டை, இறைச்சி, பருப்பு, கோதுமை மா எல்லாத்துலயும் புரதம் இருக்கு, அந்த புரதத்துக்குள்ள கொஞ்சம் கந்தகமும் இருக்கு. உடம்பு அத எரிக்கிறப்போ கடைசியில அசிட் மிச்சமாகும். சராசரியா ஒரு கிலோ எடைக்கு ஒரு மில்லிமோல்னு கணக்கு, அதாவது 50 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 மில்லிமோல் பக்கம். காபன் டையொக்சைட்ட மூச்சுல விட்டுடலாம், இந்த அசிட்ட மூச்சுல விட முடியாது, சிறுநீர்ல மட்டும்தான் வெளிய போகும், அதுக்கு நல்ல கிட்னி வேணும். கிட்னியோட வேலை 30 சதவீதத்துக்கு கீழ, அதாவது நாலாவது ஸ்டேஜுக்கு, வர்றப்போ நெறைய பேருக்கு தினமும் சேருற அசிட்ட தினமும் வெளியேத்த முடியாம போயிடுது. அது ரத்தத்துல அசிட்ட சமப்படுத்துற பைகார்பனேட்ட தின்னுக்கிட்டே இருக்கும். நல்லா இருக்குற ஆளுக்கு பைகார்பனேட் 22லேர்ந்து 29 வரைக்கும் இருக்கும், நாலாவது ஸ்டேஜ்ல 18, 16னு வர்றது நான் அடிக்கடி பாக்குறது.

ரத்தத்தோட பிஎச், அதாவது அசிட் எவ்வளவுன்னு காட்டுற நம்பர், 7.35க்கும் 7.45க்கும் நடுவுல நிக்கணும், அத காப்பாத்த உடம்பு எத வேணும்னாலும் விட்டுக்குடுக்கும், எலும்புல இருக்குற சுண்ணாம்ப கரைக்கும், சதையையும் உடைக்கும். சதைய உடைச்சா குளூட்டமின்னு ஒண்ணு கிடைக்கும், அத எடுத்துத்தான் கிட்னி அமோனியா செஞ்சு அசிட்ட அதோட கட்டி சிறுநீர்ல அனுப்புது. அதாவது கழுவுறதுக்கு வேண்டிய சாமான உங்கம்மாவோட கை கால்லேர்ந்துதான் உடம்பு எடுத்துக்கிட்டிருக்கு.

எப்படி உடைக்குதுங்கிறத நம்ம மலைய வச்சே சொல்றேன். தோட்டத்துல யூக்கலிப்டஸ் மரம், நம்ம ஆளுங்க டர்பன்டைன்னு சொல்ற மரம், வெட்டுறதுக்கு முன்னால ஒருத்தர் வந்து வெட்ட வேண்டிய மரத்துல மட்டும் பெயின்ட்டால நம்பர் போட்டுட்டு போவாரு, நம்பர் விழுந்த மரம்தான் மில்லுக்கு போகும். சதைக்குள்ளயும் அப்படித்தான் நடக்குது. பழசான, வேண்டாத புரதத்துல யுபிக்குயிட்டின்னு ஒரு அடையாளம் ஒட்டும், அடையாளம் ஒட்டுன புரதம் புரோட்டியசோம்ங்கிற அரவை மில்லுக்குள்ள போய் துண்டு துண்டா வெளிய வரும். இந்த வழிய கண்டுபிடிச்ச சியெச்சானோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் மூணு பேருக்கும் 2004ல வேதியியல் நோபல் பரிசு குடுத்தாங்க. நல்ல உடம்புல இது தேவையான வேலை, பழச எடுத்தாத்தான் புதுச வைக்க முடியும். ஆனா ரத்தத்துல அசிட் கூடுறப்போ, அதோட கோர்ட்டிசோல் ஹோர்மோனும் சேர்றப்போ, நம்பர் போடுற ஆளுங்க கூடிடுறாங்க, நல்ல மரத்துலயும் நம்பர் விழுது. இன்னொண்ணு, முழு மரம் மில்லுக்குள்ள போகாது, வாள் போட்டு அறுத்துத்தான் அனுப்பணும். சதையில இருக்குற ஆக்டின், மயோசின் நார் அப்படி பெருசு, அத மொதல்ல அறுத்து குடுக்குற வாள்தான் காஸ்பேஸ்-3ங்கிற நொதி, அந்த வாளும் இந்த வருத்தத்துல சும்மா இருக்குறதில்ல. சதைய கட்டுறதுக்கு இன்சுலின் குடுக்குற உத்தரவும் அசிட் இருக்குற உடம்புல சரியா ஏறாது. உடைப்பு கூடுது, கட்டுறது கொறையுது, அதுக்கு நடுவுல லூசின், வேலின் மாதிரி சதைக்கு முக்கியமான அமினோ அமிலங்கள் வீணா எரிஞ்சு போகுது.

இது கிட்னி வருத்தக்காரங்களுக்கு மட்டும் நடக்குறதும் இல்ல. 1990கள்ல நல்லா இருக்குற ஆளுங்களுக்கே சில நாள் அமோனியம் குளோரைட் குடுத்து ரத்தத்துல அசிட்ட கூட்டி பாத்தாங்க, அவங்களுக்கும் புரதம் உடையுறது கூடுச்சு, ஈரல் அல்புமின்ங்கிற ரத்தப் புரதத்த செய்யுறது கொறைஞ்சுச்சு. அதனாலதான் உங்கம்மா சாப்பிட்டும் மெலியுறாங்க. வேற காரணமும் கூட இருக்கலாம், ருசி போறது, குமட்டல், சீனி கட்டுப்பாட்டுல இல்லாதது, சிறுநீர்ல புரதம் போறது, அதையும் கேட்டு பாருங்க, ஆனா அசிட்ட சரி பண்ணாம மத்தத மட்டும் பண்ணுனா பலன் அரைகொறையாத்தான் இருக்கும்.

மாத்திரை உண்மையிலயே வேலை செய்யுமான்னு கேப்பீங்க. 2009ல லண்டன்ல 134 பேர வச்சு செஞ்ச ஆய்வு ஒண்ணு இருக்கு, பைகார்பனேட் 16க்கும் 20க்கும் நடுவுல இருந்தவங்க எல்லாரும். பாதி பேருக்கு ரெண்டு வருஷம் சோடியம் பைகார்பனேட் மாத்திரை, அதாவது உங்கம்மாவுக்கு குடுத்த அதே சோடா மாத்திரை, குடுத்தாங்க. மாத்திரை போட்டவங்கள்ல 6.5 சதவீதம் பேருக்குத்தான் கிட்னி முழுசா செயலிழந்து டயலிசிஸ் கட்டத்துக்கு வந்துச்சு, போடாதவங்கள்ல 33 சதவீதம், மேல்கை சதையோட சுத்தளவும் போட்டவங்களுக்கு நல்லா இருந்துச்சு. அதே நேரம் 2020ல பிரிட்டன்ல 60 வயசுக்கு மேல்பட்ட 300 பேர்ல செஞ்ச இன்னொரு ஆய்வுல நடக்குறது எழும்புறதுல ஒரு முன்னேற்றமும் தெரியல. ரெண்டையும் சேத்துத்தான் சொல்லணும். பைகார்பனேட் லேசா கொறைஞ்ச எல்லாருக்கும் இது மந்திரம் இல்ல, ரொம்ப எறங்குனவங்களுக்குத்தான் அதிகம் பலன் குடுக்கும், 2024 உலக வழிகாட்டலும் 18க்கு கீழ போறத தடுக்கிறதுலதான் குறி வைக்குது. அம்மாவோட கிளினிக் புத்தகத்துல பைகார்பனேட் எவ்வளவுன்னு எழுதியிருக்கான்னு பாருங்க, இல்லன்னா அடுத்த தடவை வெக்கப்படாம கேளுங்க. மாத்திரை போட்டதும் ஏப்பம் வரும், வயித்துல கரையுறப்போ வர்ற காத்துதான், பயப்பட வேணாம். ஆனா அதுல சோடியம் இருக்கு, அதனால கால் வீங்குனா, படுத்தா மூச்சு முட்டுனா, ரெண்டு மூணு நாள்ல எடை திடீர்னு ஏறுனா உடனே காட்டுங்க.

கேள்வி: ஐயா, என் மாமியாருக்கு கிட்னி பழுதுன்னதும் லயத்துல எல்லாரும் மீன், முட்டை, பருப்பு எல்லாத்தையும் நிப்பாட்ட சொல்றாங்க. இப்ப வெறும் சோறும் ரசமும்தான். இது சரியா? — கொட்டகலை

(நான் ஐயா இல்ல தம்பி, பரவாயில்ல.)

சரியில்ல. புரதத்த அளவோட சாப்பிடணும்ங்கிறத நம்ம ஆளுங்க புரதமே கூடாதுன்னு ஆக்கிட்டாங்க, அதனால எத்தனையோ பேர் வீட்டுலயே பட்டினியில தேஞ்சு போறாங்க, இத நெனைச்சா எனக்கு மனசு ரொம்ப கஷ்டமா இருக்கு. டயலிசிஸ் இல்லாத ஆளுக்கு பொதுவா ஒரு கிலோ எடைக்கு 0.6லேர்ந்து 0.8 கிராம் புரதம். மாமியார் 50 கிலோன்னா 30லேர்ந்து 40 கிராம். சமையல்கட்டு கணக்குல சொன்னா, முட்டை ஒண்ணுல 6 கிராம், ஒரு சின்ன மீன் துண்டுல 10, அவிச்ச பருப்பு அரை கப்புல 8 அல்லது 9, நூறு கிராம் கோதுமை மாவுல சுட்ட ரொட்டியில 10, ஒரு நாள் சோத்துல 7, 8. கூட்டி பாருங்க, 40ஐ தாண்டிடும். அதாவது முட்டையும் மீனும் ஒரே நாள்ல வேணாம், ஒரு நாள் அது ஒரு நாள் இது, ஆனா ஏதாவது ஒண்ணு கட்டாயம் இருக்கணும்.

இன்னொண்ண யாரும் சொல்றதில்ல. வயிறு நெறைய சாப்பாடு வேணும். சோறு, தேங்காய் எண்ணெய் மாதிரி சக்தி குடுக்குற சாப்பாடு கொறைஞ்சா உடம்பு சாப்பிட்ட புரதத்தையே விறகா எரிச்சிடும், அப்ப நீங்க குடுத்த முட்டை சதைக்கு போகாது. சோயா மீட் கொஞ்சம் போட்டாலே புரதம் ஏறிடும், கூட வர்ற மசாலா பக்கட்டுல உப்பு வேற, அதனால அத அளந்து போடுங்க, பக்கட்ட தூக்கி வீசிட்டு வீட்டு மசாலா போடுங்க. கருவாடும் டின்மீனும் உப்புக்காக கொறைக்கணும்.

மரக்கறியும் பழமும் அசிட்ட கொறைக்கும், கரட், கோவா, போஞ்சி எல்லாம் நம்ம ஊர்லயே வெளையுது. ஆனா பொட்டாசியம் ஏறியிருக்குற ஆளுக்கு அதுவே ஆபத்தாயிடும், ரிப்போட்ட பாத்துட்டுத்தான் அளவு சொல்ல முடியும். பொட்டாசியம் கூடன்னு சொல்லியிருந்தா உருளைக்கெழங்கு, பீட்ரூட்ட மெல்லிசா வெட்டி நெறைய தண்ணியில அவிச்சு அந்த தண்ணிய ஊத்திட்டு சமைக்கணும். தம்பிலி, தோடம்பழ ஜூஸ் வேணாம்.

கேள்வி: புளிப்பு சாப்பிட்டா ரத்தத்துல அசிட் கூடுமா? அப்பா தேசிக்காய தொடவே மாட்டேங்குறாரு. — இறாகலை

இல்ல, ஏறாது. நாக்குல புளிக்கிறதும் ரத்தத்துல அசிட் சேருறதும் வேற வேற. தேசிக்காயில இருக்குற சிட்ரிக் அசிட் உடம்புல எரிஞ்சு காபன் டையொக்சைட்டாவும் தண்ணியாவும் போயிடும், புளிக்காத இறைச்சியும் மாவும்தான் அசிட்ட மிச்சம் வைக்கும். உப்ப கொறைச்ச கறிக்கு ருசி வர ரெண்டு சொட்டு தேசிக்காய் விடுங்க, அப்பா இன்னும் ரெண்டு கவளம் கூட சாப்பிடுவாரு.

கேள்வி: மாத்திரை கடையில இல்லாதப்போ வீட்டுல இருக்குற அப்பச்சோடாவ கரைச்சு குடுக்கலாமான்னு பக்கத்து வீட்டு அக்கா கேக்க சொன்னாங்க. ரெண்டும் ஒரே சாமான்தானே. — பசறை

சாமான் ஒண்ணுதான், அளவுதான் வேற. ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா 4, 5 கிராம் வரும், அதுல மட்டும் 1,250 மில்லிகிராம் பக்கம் சோடியம் இருக்கு. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கே 2,000 மில்லிகிராமுக்கு கீழ இருக்கணும்னு உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுது. கிட்னியும் இதயமும் பலவீனமா இருக்குற ஆளுக்கு ரெண்டு மூணு தேக்கரண்டி குடுத்தா தண்ணி நுரையீரல்ல ஏறிடும். டாக்டர கேக்காம குடுக்க வேணாம்னு அக்காகிட்ட சொல்லுங்க. மாத்திரை கிடைக்கலன்னா கிளினிக்குக்கு போன் போட்டு கேளுங்க.

கேள்வி: டாக்டர், எனக்கு 66 வயசு, ரிட்டயர் ஆன ஆசிரியர். ஆறு மாசத்துக்கு முன்னால கிரியட்டினின் 3.1, இப்ப 2.6. மருந்து ஒண்ணும் மாத்தல. கிட்னி தேறி வருதுன்னு சந்தோஷமா இருக்கேன். இடையில 6 கிலோ எடையும் கொறைஞ்சிருக்கு. — ஹப்புத்தளை

சேர், உங்க சந்தோஷத்த கெடுக்க எனக்கு மனசே இல்ல, ஆனா இத சொல்லாம விட்டா பிழை. கிரியட்டினின் எங்கேர்ந்து வருதுன்னு பாருங்க, சதையிலேர்ந்துதான் வருது. சதையில இருக்குற கிரியட்டின் தினமும் கொஞ்சம் கொஞ்சமா மாறி கிரியட்டினினா ரத்தத்துல கலக்கும், கிட்னி அத வெளியேத்தும். அதனால நம்பர் எறங்குறதுக்கு ரெண்டு வழி இருக்கு, ஒண்ணு கிட்னி நல்லா வடிக்குது, இன்னொண்ணு வடிக்க வேண்டிய சாமானே கொறைஞ்சு போச்சு. 6 கிலோ கொறைஞ்ச ஆளுக்கு ரெண்டாவது வழிதான் எனக்கு சந்தேகம். ரிப்போட்டுல கிட்னி எவ்வளவு வடிக்குதுன்னு காட்டுற இஜிஎஃப்ஆர் கணக்கும் இதே கிரியட்டினின வச்சு போடுறதுதான், அதுவும் ஏமாத்தும். சதையோட சம்பந்தம் கொறைஞ்ச சிஸ்டட்டின் சின்னு ஒரு டெஸ்ட் இருக்கு, முடிஞ்சா கிளினிக்ல கேட்டு பாருங்க, அதோட பைகார்பனேட்டும் அல்புமினும்.

வீட்டுல ரெண்டு சோதனை செய்யலாம். தையல் டேப்ப எடுத்து கெண்டைக்கால்ல ரொம்ப பருமனான எடத்த அளங்க, ஆசிய நாட்டு நிபுணர்கள் 2019ல சொன்ன கணக்குப்படி ஆம்பளைக்கு 34 சென்டிமீட்டருக்கு கீழ, பொம்பளைக்கு 33க்கு கீழ இருந்தா சதை கொறைஞ்சிருக்கலாம்னு அர்த்தம், கால் வீங்கியிருந்தா மட்டும் இந்த அளவு சரியா வராது. அப்புறம் சுவர் ஓரமா ஒரு கதிரைய போட்டு, கைய நெஞ்சுல கட்டிக்கிட்டு, அஞ்சு தடவை எழும்பி உக்காருங்க, பக்கத்துல ஒரு ஆள் நிக்கணும். 12 செக்கனோ அதுக்கு மேலயோ ஆனா கவனிக்கணும். ரெண்டையும் தேதி போட்டு கிளினிக் புத்தகத்தோட கடைசி பக்கத்துல எழுதி வைங்க, எடையையும் எழுதுங்க. கிரியட்டினினுக்கு பக்கத்துல எடை இருந்தாத்தான் டாக்டருக்கு அந்த நம்பரோட அர்த்தம் புரியும்.

கேள்வி: என் வீட்டுக்காரர் வாரத்துல ரெண்டு நாள் டயலிசிஸ் போறாரு. வந்தா ரெண்டு நாள் படுக்கைதான். முன்ன மாதிரி பத்தியமா சாப்பாட்ட கொறைச்சு குடுக்குறேன். லயத்து படி ஏற முடியல. — லிந்துலை

அம்மா, டயலிசிஸ் தொடங்குன அன்னைக்கே அந்த பழைய பத்தியம் முடிஞ்சிடுச்சு, இத உங்களுக்கு யாராவது சொல்லியிருக்கணும். ஒவ்வொரு டயலிசிஸ்லயும் 6லேர்ந்து 12 கிராம் அமினோ அமிலம் மிஷின் வழியா வெளிய போயிடுது. இப்ப அவருக்கு ஒரு கிலோவுக்கு 1லேர்ந்து 1.2 கிராம் புரதம் வேணும், 55 கிலோ ஆள்னா 55லேர்ந்து 66 கிராம், அதாவது டயலிசிஸுக்கு முன்ன உள்ள அளவ விட ஒண்ணரை மடங்கு பக்கம். முட்டையும் மீனும் ஒரே நாள்ல குடுக்கலாம், கோழியும் குடுக்கலாம். தண்ணி, உப்பு, பொட்டாசியம், பொஸ்பரஸ் கட்டுப்பாடு மட்டும் அப்படியே இருக்கணும். டயலிசிஸ் அன்னைக்கு விடியக்காலையில பஸ் புடிக்கணும்னு வெறும் பிளேன்டியோட அனுப்பிடாதீங்க, ரொட்டியும் அவிச்ச முட்டையும் கட்டி குடுங்க. டயலிசிஸ் நடக்குறப்போ சாப்பிட்டா சில பேருக்கு பிரஷர் எறங்கும், அங்க உள்ள நர்ஸ்மார்கிட்ட கேட்டுட்டு எப்ப சாப்பிடலாம்னு முடிவு பண்ணுங்க.

டயலிசிஸ் தண்ணியில பைகார்பனேட் இருக்கு, அன்னைக்கு அசிட் சரியாகும், ஆனா அடுத்த தடவைக்குள்ள திரும்ப சேந்துடும். வாரத்துல மூணு நாள்ங்கிறதுதான் பொதுவான அளவு, ரெண்டு நாள் மட்டும் போறவங்களுக்கு நடுவுல இடைவெளி கூட. டயலிசிஸுக்கு முன்னால எடுக்குற ரத்தத்துல பைகார்பனேட் எவ்வளவுன்னு கேளுங்க.

படுத்தே இருந்தா சதைக்கு உத்தரவே கிடைக்காது. டயலிசிஸ் இல்லாத நாள்ல கதிரையில உக்காந்து காலை நேரா நீட்டி அஞ்சு எண்ணி எறக்கட்டும், பத்து தடவை, ரெண்டு காலும். அரை லீட்டர் தண்ணி போத்தல கையில புடிச்சு மடக்கி நீட்டட்டும், பிஸ்டுலா, அதாவது டயலிசிஸ் ஊசி போட ரத்தக்குழாய சேத்து வச்ச எடம், இருக்குற கைக்கு மட்டும் டாக்டர கேட்டுட்டு. ரெண்டு வாரம் போனதும் லயத்து படியில மூணு படி ஏறி எறங்கட்டும், நீங்க பின்னால நின்னு புடிங்க. 2001ல டயலிசிஸுக்கு வராத, புரதம் கொறைச்சு சாப்பிட்ட கிட்னி வருத்தக்காரங்களுக்கு 12 வாரம் பாரம் தூக்குற பயிற்சி குடுத்து பாத்தாங்க, அவங்களுக்கே சதை காப்பாத்தப்பட்டுச்சு. உங்க வீட்டுக்காரருக்கு சாப்பாடு அத விட கூட.

கேள்வி: மேல் வலிக்கு கடையில வாங்குற டைக்ளோஃபெனாக் கிட்னிக்கு கூடாதாமே? அப்புறம் காமரங்கா ஜூஸ் கிட்னிய சுத்தம் பண்ணும்னு ஒருத்தர் சொன்னாரு. — நாவலப்பிட்டி

கிட்னி வருத்தம் இருக்குற ஆளுக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் ரெண்டும் வேணாம், மலை ஏறி எறங்குன வலிக்கு பரசிட்டமோல் போதும், அதையும் அளவோட.

காமரங்கா ஒரு துண்டு கூட வேணாம். பிலிங்காயும் சேத்துத்தான் சொல்றேன். ரெண்டுலயும் ஒக்ஸலேட்ங்கிற உப்பு அதிகமா இருக்கு, அது நல்ல கிட்னியையே அடைச்சிடும், காமரங்காவுல அதோட மூளைய தாக்குற நஞ்சும் இருக்கு, நல்ல கிட்னி அத வெளியேத்திடும், பழுதான கிட்னியால முடியாது. ஏற்கனவே குடிச்சிருந்து விக்கல் நிக்காம வந்தா, பேச்சு தடுமாறுனா, தூங்கி விழுந்தா, ராத்திரின்னு பாக்காம வண்டி புடிச்சு ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க, காமரங்கா குடிச்சத மறக்காம சொல்லுங்க, டயலிசிஸ் உடனே பண்ண வேண்டி வரும்.